படம் எடுத்தவர் யார்?

சென்ற பொங்கல் விழாவன்று நம் சங்க மண்டபத்தில் திரையிடப்பெற்ற 12 நிமிடப் படத்தைக் கண்ட அன்பர்கள் பலர், "இதை எடுத்தவர் யார்?" என்று எங்களைக் கேட்டனர். பாராட்டும் எண்ணத்துடனேயே கேட்டனர் என்பதை அறிவோம். ஆயினும் நாங்கள் அறுவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோமேயன்றி விடை கூறவில்லை. ஒரு வரியில் கூறத்தக்க விடை எங்களிடம் இல்லாமையே காரணம். சற்று விரிவாகவே கூறலாம் என்று பத்திரிகைக் குழுவினர் இடமளித்தமையால் இதனை எழுதுகிறோம்.

எங்களில் இருவர் ரயில்வே குமாஸ்தாக்கள். ஒருவர் வங்கி ஊழியர். ஒருவர் பள்ளி ஆசிரியை. ஒருவர் காப்பிப்பொடிக் கடையில் தந்தையாருக்குத் துணையாக இருப்பவர். ஆறாமவர் கல்லூரி மாணவி. சினிமாத் தொழிலை அறிந்தவர் எவருமில்லை. எங்களிடம் இருந்தவை மூன்று கைப்பேசிகளும், அவற்றைப் பொருத்திவைக்க ஒரு மூன்றுகால் ஸ்டாண்டும், ஞாயிற்றுக்கிழமைகளுமே. ஆளுக்கு 500 ரூபாய் போட்டோம். அதில் பெரும்பகுதி தேநீருக்கும் சிங்காடாவுக்கும் செலவாயிற்று என்பதைக் கணக்குக் கேட்கும் அன்பர்களுக்கு இங்கேயே தெரிவித்து விடுகிறோம்.

எடுக்க நினைத்த பொருளோ காத்திருக்கக் கூடியதன்று. லேக் மார்க்கெட்டை அடுத்த சந்தொன்றில் 50 ஆண்டுகளுக்கு மேலாக அப்பளமும் வடாமும் இட்டு விற்றுவந்த பாட்டியாரை நம்மில் அறியாதவர் இலர். கும்பகோணத்திலிருந்து மணமாகி இந்நகருக்கு வந்தவர். டல்ஹௌசி சதுக்கத்துக் கம்பெனி ஒன்றில் சுருக்கெழுத்தாளராக இருந்த கணவர் இளமையிலேயே காலமாகிவிட, அப்பளக் குழவியைக் கையில் எடுத்தவர். அவருடைய புதல்வர் சென்னையில் வீடு வாங்கிவிட்டார். வரும் மார்கழிக்குள் தாயாரை அழைத்துச் செல்வதாக எழுதிவிட்டார். பாட்டியார் சென்றபின் அந்த மாடியும், மாடியில் விரிக்கும் பழம்புடவையும், அதன்மேல் காயும் வடாமும் இருக்கப்போவதில்லை. ஆகஸ்டு மாதத்து ஞாயிறு ஒன்றில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோதுதான், "படமாக எடுத்து வைத்தால் என்ன?" என்று எங்களுள் ஒருவர் கேட்டார். அவ்வாறு கேட்டவர் யார் என்பதிலும் இப்பொழுது கருத்து வேறுபாடு உண்டு.

டைரக்டர் யார், காமிரா பிடிப்பவர் யார், ஒலிப்பதிவு யார் என்று பிரித்துக்கொள்ள வேண்டுமென ஆசிரியை கூறினார். மற்றையோர் அதனை ஏற்கவில்லை. எல்லாரும் நண்பர்கள்; எல்லாரும் கற்றுக்குட்டிகள்; இதில் ஒருவர் ஏவ மற்றவர் செய்வதாவது! யார் கைக்கு எது எட்டுகிறதோ அதை அவர் செய்யட்டும் என்று முடிவாயிற்று. அன்று அது எங்களுக்கு மிக உயர்ந்த கொள்கையாகத் தோன்றியது.

தொழிலறியாத நண்பர்கள் ஞாயிறுதோறும் கூடிப் படமெடுப்பது இந்நகருக்குப் புதிதன்று. நம் லேக் மார்க்கெட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள லேக் அவென்யூவில் குடியிருந்தவர் சத்யஜித் ராய். விளம்பரக் கம்பெனி ஒன்றில் ஓவியராக மாதச் சம்பளத்துக்குப் பணிபுரிந்துவந்த அவர், 1947-ஆம் ஆண்டில் சிதானந்த தாஸ்குப்தா முதலிய நண்பர்களுடன் கல்கத்தா பிலிம் சொசைட்டியைத் தொடங்கினார். (நகரின் பெயர் 2001-ஆம் ஆண்டில் கொல்கத்தா என்றாயிற்று, பழஞ்செய்திகளைக் கூறுமிடத்துப் பழம்பெயரையே எழுதுகிறோம்.) பிரெஞ்சு நாட்டு இயக்குநர் ழான் ரெனுவார் 'தி ரிவர்' என்ற படத்தை எடுக்க இங்கு வந்தபோது, இடம் தேடுவதில் ராய் அவருக்கு உதவினார். பன்சி சந்திரகுப்தா அப்படத்தின் அரங்க அமைப்பில் பணிபுரிந்தார். சுப்ரத மித்ரா என்ற இளைஞரோ வேலை கிடைக்காமல், வேடிக்கை பார்க்க மட்டும் அனுமதி பெற்று, விளக்கு எங்கு நிற்கிறது, காமிரா எங்கு நிற்கிறது என்பதை நோட்டுப் புத்தகத்தில் வரைந்துகொண்டிருந்தார்.

இம்மூவரும் வேறு சிலரும் சேர்ந்து எட்டுப் பேராக, 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 27 அன்று 'பதேர் பாஞ்சாலி'யின் முதற்காட்சியை எடுக்கச் சென்றனர். எண்மரில் சினிமாத் தொழிலில் முன் அனுபவம் உடையவர் பன்சி ஒருவரே. இளைஞர் சுப்ரத மித்ரா அதற்கு முன் சலனப்பட காமிராவை இயக்கியதில்லை. காமிராவோ வாடகைக்கு எடுத்த பழைய பொருள். வேலையை விட்டுவிட ராயால் இயலவில்லை. ஆதலின் விடுமுறை நாட்களே படப்பிடிப்பு நாட்கள்.

அம்முதல் நாளின் இடம் பால்சிட். ஹவுரா–பர்த்தமான் மெயின் லைனில் சக்திகருக்கு முன்னுள்ள சிறிய ஸ்டேஷன். எங்களுள் இருவருக்கு அப்பெயரைக் கேட்ட மாத்திரத்தில் டயம்டேபிள் நினைவுக்கு வரும். வெண்மையான காஷ் புல் பூத்து நின்ற வெளியில் அக்காளும் தம்பியும் ரயிலைக் காண ஓடும் காட்சியை அங்கு எடுக்கத் தொடங்கினர். ஒரு நாளில் பாதிதான் முடிந்தது. அடுத்த வாரம் திரும்பிச் சென்றபோது பூ ஒன்றுகூட இல்லை. மாடுகள் மேய்ந்துவிட்டன! மறு ஆண்டு மீண்டும் பூக்கும் வரை அக்காட்சி காத்திருந்தது. பின்னர் அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட ரயில்களைப் பயன்படுத்தினர். கரும்புகை சரியான சமயத்தில் எழவேண்டும் என்பதற்காக, தயாரிப்பு வேலைகளைக் கவனித்த அனில் சௌத்ரி முந்தைய ஸ்டேஷனிலேயே எஞ்சினில் ஏறிக்கொண்டு கரி போடச் செய்தார். எந்த விதியின்கீழ் அவரை எஞ்சினில் ஏறவிட்டனர் என்று எங்களுள் மூத்த குமாஸ்தா இன்றும் வினவுகிறார்.

கரியாவை அடுத்த போரால் கிராமத்தில் மற்றக் காட்சிகள் எடுக்கப்பெற்றன. தாயாக நடித்த கருணா பானர்ஜி ராயின் நண்பருடைய மனைவி. அப்பு என்ற சிறுவன் வேடத்துக்கு எங்கெங்கோ தேடி அலுத்தபின், அண்டை வீட்டில் விளையாடிக்கொண்டிருந்த சுபீர் பானர்ஜியைக் கண்டுபிடித்தவர் ராயின் மனைவியார் பிஜயா. ராய் தம் இன்ஷூரன்ஸ் பாலிசியையும் இசைத்தட்டுகளையும் விற்றார். மனைவியாரின் நகைகளும் அடகுக்குச் சென்றன. நடுவில் பணமின்றி வேலை நின்று போயிற்று. பின்னர் முதலமைச்சர் பிதான் சந்திர ராயின் அரசாங்கம் பண உதவி செய்தது. படத்தின் பெயரில் 'பாதை' என்ற சொல் இருந்தமையால் அத்தொகை சாலை அபிவிருத்திக் கணக்கில் எழுதப்பெற்றது என்பர். அரசாங்கக் கணக்குகளோடு அன்றாடம் உறவாடும் எங்களுக்கு இதில் வியப்பொன்றுமில்லை.

இசையமைத்த ரவிசங்கர் ஒரே அமர்வில் இரவெல்லாம் வாசித்துவிட்டுப் புறப்பட்டுவிட்டார். சில இடங்களுக்கு இசை போதவில்லை. சிதார் பயின்றிருந்த காமிராக்காரர் சுப்ரத மித்ராவே மீதியை வாசித்தார்! இச்செய்தியைப் படித்த அன்று எங்கள் கொள்கை வென்றுவிட்டதாக ஆரவாரம் செய்தோம். காமிராக்காரர் சிதார் வாசிக்கலாம்; மனைவியார் நடிகரைக் கண்டுபிடிக்கலாம்; எல்லாரும் எல்லாமும் செய்யலாம். 1955-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26 அன்று கல்கத்தாவில் வெளிவந்து, மறு ஆண்டு கான் விழாவில் பரிசும் பெற்ற படமே இவ்வாறுதான் உண்டாயிற்று என்றால், 12 நிமிடப் படத்துக்கு என்ன குறை?

நாங்கள் கவனிக்கத் தவறியதைப் பின்னர் கூறுகிறோம்.

முதல் இரண்டு மாதங்கள் மகிழ்ச்சியாகவே கழிந்தன. பாட்டியாரின் சமையலறை இருட்டானது. விளக்கைப் போட்டால் முகத்தில் நிழல் விழும்; போடாவிட்டால் முகமே தெரியாது. 1956-ஆம் ஆண்டின் 'அபராஜிதோ' படத்தில் காசி நகரத்து வீட்டு முற்றத்தை ஸ்டூடியோவில் அமைக்கவேண்டி வந்தபோது, திறந்த முற்றத்தில் வானிலிருந்து பரவலாக இறங்கும் நிழலற்ற ஒளியை ஸ்டூடியோவில் கொணர இயலாது என்று சுப்ரத மித்ரா வாதாடினார். வாதத்தில் அவர் தோற்றார், அரங்கம் அமைக்கப்பட்டுவிட்டது. உடனே மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, கீழிருந்து விளக்குகளை அத்துணியின்மேல் பாய்ச்சி, அது திருப்பித் தந்த மெல்லொளியில் படம் பிடித்தார். இதைப் படித்திருந்த மாணவி, எங்களுள் ஒருவருடைய எட்டு முழ வேட்டியை வாங்கிச் சென்று ஜன்னலுக்கு எதிரில் இருவரைப் பிடித்துக்கொண்டு நிற்கச் செய்தார். வெயில் வேட்டியில் பட்டுப் பாட்டியாரின் முகத்தில் விழுந்தது. இரண்டு மணி நேரம் வேட்டி பிடித்தவர்களின் கைகளில் மட்டும் மறுநாள் கோப்பு எடுக்க வலுவில்லை.

எதிர் வீட்டு வங்காளி மாஷிமா தம் மொட்டைமாடியைத் தந்து உதவினார். அங்கிருந்து எடுத்ததுதான் வடாம் காயும் மாடியை மேலிருந்து காட்டும் காட்சி. பூஜை நாட்களில் பந்தல் ஒலிபெருக்கிகளின் ஓசையால் ஒலிப்பதிவு முடியாமற் போயிற்று. கைகளையும் பாத்திரங்களையும் மட்டும் எடுத்தோம்.

ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. படமெடுக்க விரும்பும் அன்பர்களுக்கு அது பயன்படலாம். கைப்பேசியில் காட்சி தெளிவாகவே விழும். ஒலிதான் காலை வாரிவிடும். பத்தடி தொலைவிலிருந்து எடுத்தால் பேசுபவர் குரலைவிட மின்விசிறியின் குரல் பெரிதாகக் கேட்கும். ஆதலின் இரண்டாவது கைப்பேசி ஒன்றைப் பேசுபவரின் அருகில், காட்சியில் தெரியாதவாறு வைத்து அதில் ஒலியைத் தனியே பதிவு செய்யவேண்டும். இரண்டும் ஓடத்தொடங்கியபின் ஒருவர் ஒருமுறை கைதட்ட வேண்டும். கைகள் சேரும் காட்சியும் தட்டும் ஓசையும் பின்னர் ஒன்றோடொன்று பொருத்துவதற்கு அடையாளமாகும். சினிமாக்காரர்கள் பலகையைத் தட்டுவதும் இதற்கே. கைப்பேசிகளை ஏரோப்பிளேன் மோடில் வைத்துவிடுவதும் அவசியம். இல்லையேல் முக்கியமான கட்டத்தில் மாமனார் அழைப்பார்.

இவ்வளவும் எங்களுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் நவம்பர் மாதத்து இரண்டாம் ஞாயிறு நிகழ்ந்ததைக் கூறுவதற்கு வெட்கப்படுகிறோம்.

அன்றுவரை பாட்டியார் காமிராவுக்கு முன் அப்பளத்தைப் பற்றி மட்டுமே பேசிவந்தார். அன்று, எவரும் கேளாமலே, கணவர் இறந்த ஆண்டைப் பற்றிப் பேசத் தொடங்கினார். வரவேண்டிய பிராவிடண்டு பணம் 14 மாதம் கழித்து வந்ததும், இடைக்காலத்தில் இப்போதைய மாஷிமாவின் மாமியார் ஒரு நாள் விடியற்காலையில் ஒரு தூக்கு உளுந்து மாவைக் கொண்டுவந்து வாயிற்படியில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பியதும், அந்த மாவில் இட்டதுதான் விற்பனைக்கு இட்ட முதல் அப்பளம் என்பதும் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தன. ஏறத்தாழ 20 நிமிடம் பேசினார். குழவி உருட்டுவதை நிறுத்தவேயில்லை. ஆசிரியை கண்களைத் துடைத்துக்கொண்டார். காமிரா பிடித்திருந்த வங்கி நண்பர் அசையாமல் நின்றார்.

முடிந்தபின் பார்த்தால், மாவுச் சல்லடைக்குப் பின்னால் வைத்திருந்த ஒலிக் கைப்பேசி ஓடவேயில்லை. வைத்தவர் ஒருவர், அவர், கைதட்டுபவர் அழுத்துவார் என்று எண்ணினார். கைதட்டுபவர் அன்று கைதட்டவேயில்லை. பாட்டியார் தாமாகப் பேசத் தொடங்கிவிட்டமையால் குறுக்கிட மனம் வரவில்லை. மற்ற நால்வரும், யாரோ ஒருவர் கவனித்திருப்பார் என்று இருந்துவிட்டனர். காமிராவிலேயே விழுந்திருந்த ஒலியில் பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டாரின் இரைச்சலுக்கிடையில் ஓரிரு சொற்களே கேட்டன.

மறு ஞாயிறு தயங்கித் தயங்கி மீண்டும் ஒருமுறை கூறுமாறு கேட்டோம். "ஒரு வாட்டி சொல்லியாச்சு, கண்ணுகளா. இன்னொரு வாட்டி சொன்னா அது கதையாப் போயிடும்" என்றார். அதற்குமேல் நாங்கள் வற்புறுத்தவில்லை.

அன்று மாலை எழுந்த சண்டையை விவரிக்கப் போவதில்லை. நண்பர்கள் பேசத்தகாத சொற்கள் பேசப்பட்டன. வங்கி நண்பர், "தலை இல்லாத உடம்பு" என்றார். தலைமை வேண்டுமென்று முதல் நாள் கூறிய ஆசிரியையோ, தாம் கூறியபோது சிரித்தவர்களைப் பெயர் சொல்லிச் சுட்டினார். அன்று இரவு மூத்த குமாஸ்தா பிறந்த ஊரின் தேரோட்டத்தை நினைவுகூர்ந்தார். ஊர் கூடித்தான் தேர் இழுக்கவேண்டும். வடத்தில் கை வைப்பதற்கு எவருக்கும் உத்தியோகப் பெயர் இல்லை. ஆனால் சக்கரத்தின் அருகில் முட்டுக்கட்டையுடன் ஒருவர் நடந்து வருகிறாரே, வீதித் திருப்பத்தில் தேர் திரும்புவதும் நிற்பதும் அவர் கையில். அவர் கட்டை போட்டால் ஆயிரம் பேர் இழுத்தாலும் தேர் நகராது. அவர் தேருக்குத் தலைவரல்லர். அடுத்த ஆண்டு அக்கட்டையை வேறொருவர் ஏந்தலாம். ஆயினும் அந்த நேரத்தில் அவர் ஒருவரே.

'பதேர் பாஞ்சாலி'யின் கதையில் நாங்கள் கவனிக்கத் தவறியதும் இதுவே. அங்கு காமிராக்காரர் சிதார் வாசித்தது உண்மை. ஆனால் எந்தக் காட்சி வேண்டும், எது போதும், எது போதாது என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்பதில் அந்த எண்மருக்கும் ஐயம் இருந்ததாகத் தெரியவில்லை. முழுத் திரைக்கதை காகிதத்தில் இல்லை. ராயின் படங்களிலும் குறிப்புகளிலும் அவர் தலைக்குள்ளும் இருந்தது. காலம் செல்லச் செல்ல அவர் பிற வேலைகளையும் தாமே ஏற்றார். 1961-ஆம் ஆண்டின் 'தீன் கன்யா' முதல் இசையும் அவருடையதே. 1964-ஆம் ஆண்டின் 'சாருலதா' முதல் காமிராவை இயக்கும் கையும் அவருடையதே. 1966-ஆம் ஆண்டின் 'நாயக்' படத்துக்குப்பின் சுப்ரத மித்ரா அவருடைய படங்களுக்கு ஒளிப்பதிவு செய்யவில்லை. இருவரும் அவரவர் துறையில் மேதைகள். அவர்களிடையே நிகழ்ந்ததற்குத் தீர்ப்புக் கூற நாங்கள் யார்? ஆனால் வேட்டி பிடித்துக் கை வலித்தவர்கள் என்ற முறையில் அச்செய்தி எங்கள் மனத்தைச் சற்று உறுத்தியது.

எஞ்சிய ஞாயிறுகளுக்கு ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ஒவ்வொரு ஞாயிறும் ஒருவர் கட்டைக்காரர். அன்று அவர் காமிராவையும் தொடக்கூடாது, வேட்டியையும் தொடக்கூடாது. இரண்டு கைப்பேசிகளும் ஓடுகின்றனவா என்று கண்ணால் கண்டபின் "ஆகட்டும்" என்று கூறுவதும், "போதும்" என்று கூறுவதும் அவர் வேலை. பிடிக்காவிட்டாலும் அன்று வாதாடக்கூடாது, இரவில் வாதாடலாம். மறு ஞாயிறு கட்டை வேறொருவர் கைக்கு மாறும். மற்ற வேலைகளை முன்போலவே யார் வேண்டுமானாலும் செய்யலாம். காப்பிப்பொடிக் கடை நண்பர் கட்டைக்காரராக இருந்த அன்றுதான் எங்களுக்கு மிகச் சிறந்த காட்சி கிடைத்தது. மற்ற ஐவரும் எடுத்தது போதுமென்று ஸ்டாண்டை மடக்கத் தொடங்கியபோது அவர் "போதும்" என்று சொல்லவில்லை. பாட்டியார் வடாம் துணியை உதறி மடித்து, மாடிச் சுவரில் சற்றுச் சாய்ந்து, ஒன்றும் செய்யாமல் நின்றது காமிராவில் விழுந்தது.

டிசம்பர் முதல் வாரத்திலேயே புதல்வர் வந்துவிட்டார். எதிர்பார்த்ததைவிட இரண்டு ஞாயிறுகள் குறைந்தன. ஹவுரா ஸ்டேஷனில் சென்னை மெயிலில் ஏறும் காட்சியை எடுக்கலாமென்று இளையவர்கள் விரும்பினர். ரயில் நிலையத்தில் படப்பிடிப்பு நடத்த மண்டல ரயில்வேயின் மக்கள் தொடர்பு அதிகாரியிடம் முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி பெறவேண்டும். அதற்கு அவகாசமில்லை, அனுமதியின்றி எடுக்க ரயில்வே ஊழியர் இருவருக்கும் துணிவில்லை. ஆதலின் படம் சந்தின் முனையில், டாக்சியின் கதவு சாத்தப்படுவதோடு முடிகிறது. அன்று கட்டைக்காரர் எவருமில்லை. எல்லாரும் பெட்டி தூக்கினோம். மாணவி மட்டும் எடுத்தார்.

படத்தைத் தொகுப்பதற்கு மாணவியின் லாப்டாப்பைச் சுற்றி அறுவரும் அமர்ந்தோம். 40 விநாடிக் காட்சிக்கு ஐந்து மணி நேரம் ஆயிற்று. அதன்பின் ஒருவர் தனியே அமர்ந்து வெட்டுவது, மற்றவர் வாரம் ஒருமுறை பார்த்துக் குறை கூறுவது என்று மாற்றினோம். ஒலியில்லாத அந்த 20 நிமிடத்தை என்ன செய்வதென்பதுதான் பெரிய கேள்வி. அவர் கூறியதை ஆசிரியையின் குரலில் சொல்லலாமென்றனர் சிலர். ஆனால் பாட்டியார் கூறியது எங்கள் அறுவர் நினைவிலும் ஆறு விதமாக இருந்தது. உளுந்து மாவு தூக்கிலா சம்புடத்திலா என்பதிலேயே ஒற்றுமையில்லை. ராய் 1964-ஆம் ஆண்டில் 'டூ' என்றொரு குறும்படம் எடுத்திருக்கிறார். மாளிகையில் ஒரு சிறுவன், கீழே குடிசையருகில் ஒரு சிறுவன்; வசனமே கிடையாது. அதைப் பார்த்தபின் துணிவு பிறந்தது. பாட்டியாரின் உதடுகள் அசைய, கை குழவியை உருட்ட, குழவியின் ஓசையை மட்டும் வேறொரு நாளின் பதிவிலிருந்து சேர்த்தோம். இரண்டு நிமிடம் அவ்வாறே ஓடுகிறது. விழாவன்று அப்பகுதியைத்தான் பலர் சிறப்பித்துப் பேசினர். அது யோசனையில் விளைந்ததன்று, ஒரு பொத்தானை ஒருவரும் அழுத்தாமையால் விளைந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

இனி, பெயர் அட்டை. 'இயக்கம்' என்று எழுதி அதன்கீழ் யார் பெயரை எழுதுவது? அதிக ஞாயிறுகள் காமிரா பிடித்தவர் வங்கி நண்பர். கேள்விகளை எழுதியவர் ஆசிரியை. வெட்டி ஒட்டியவர் மாணவி. இதற்கும் இந்நகரிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. 1946-ஆம் ஆண்டில் ஒளிப்பதிவாளர் விபூதி லாஹா, ஒலிப்பதிவாளர் ஜதின் தத்தா, ரசாயனக்கூடத்து சைலேன் கோஷால், கதாசிரியர் நிதாய் பட்டாச்சார்யா, தயாரிப்பு வேலை பார்த்த விமல் கோஷ் ஆகிய ஐவர் கூடி 'அக்ரதூத்' என்ற ஒரே பெயரில் படங்களை இயக்கத் தொடங்கினர். உத்தம்குமாரும் சுசித்ரா சென்னும் நடித்து 1954-ஆம் ஆண்டில் வெளிவந்த 'அக்னி பரீக்ஷா' அவர்கள் இயக்கியதே. தருண் மஜும்தார் முதலிய மூவர் 'யாத்ரிக்' என்ற பெயரில் 1959-ஆம் ஆண்டில் 'சாவோயா பாவோயா' எடுத்தனர். பின்னர் மஜும்தார் தனித்துப் புகழ்பெற்றார். தமிழிலும் கிருஷ்ணன்–பஞ்சு இரட்டையர் 'பராசக்தி'யை 1952-ஆம் ஆண்டில் தந்ததை அன்பர்கள் அறிவர். கேரளத்தில் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் 1984-ஆம் ஆண்டில் 'ஒடேஸா' என்ற குழுவை அமைத்து, பொதுமக்களிடமே பணம் திரட்டி 'அம்ம அறியான்' எடுத்தனர். தமிழில் 'அக்ரகாரத்தில் கழுதை' எடுத்தவரும் அவரே. எனினும் அப்படத்தை இன்று எவரும் ஒடேஸாவின் படம் என்பதைவிட ஜானின் படம் என்றே கூறுகின்றனர். ஊர் ஒரு பெயரைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும் போலும்.

எங்கள் சங்கத்துக்கு இன்னும் நெருங்கிய மூதாதை ஒருவரும் உண்டு. திருச்சிராப்பள்ளியில் ரயில்வே வரைபடக்காரராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ஆம் ஆண்டில் தியூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படங்காட்டும் கருவியையும் படச்சுருள்களையும் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார். கோயம்புத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். 1933-ஆம் ஆண்டில் இதே கல்கத்தாவின் பயனியர் கம்பெனியுடன் சேர்ந்து 'வள்ளி திருமணம்' தயாரித்தார். ரயில்வேக்காரர் ஒருவர் கல்கத்தாவுக்கு வந்து தமிழ்ப்படம் எடுத்தார் என்ற இச்செய்தியை எங்களுள் இருவர் அடிக்கடி எடுத்துரைத்து மற்ற நால்வரையும் சலிப்படையச் செய்துவருகிறோம்.

குழுவுக்கு ஒரு பெயர் சூட்டலாமென்றால் அதிலும் ஆறு பெயர்கள் வந்தன. வங்கி நண்பர் தம் பெயரே வேண்டாமென்று எழுந்து சென்றார். மூன்று வாரம் எங்களுடன் பேசவில்லை. இறுதியில் 'இயக்கம்' என்ற சொல்லையே நீக்கிவிட்டு, அவர் பெயரையும் சேர்த்து ஆறு பெயர்களை அகர வரிசையில், வேலை எதுவும் குறிக்காமல் எழுதினோம். விழாவன்று அவர் வந்தார். பின்வரிசையில் நின்றபடியே பார்த்துவிட்டு, படம் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்குவதற்கு உதவினார். எதுவும் கூறவில்லை. மறு ஞாயிறு தேநீருக்கு வந்துவிட்டார்.

படத்தைச் சென்னைக்கும் அனுப்பியிருந்தோம். புதல்வரின் கைப்பேசியில் பார்த்துவிட்டுப் பாட்டியார் அழைத்தார். கைப்பேசியை மேசைமேல் வைத்து அறுவரும் சுற்றி அமர்ந்தோம். மாஷிமாவின் மாடி நன்றாக விழுந்திருக்கிறது என்றார். புடவைத் தலைப்பு கிழிந்ததைக் காட்டியிருக்க வேண்டாம் என்றார். தாம் பேசும்போது சத்தம் வரவில்லையே, இங்குள்ள போன் கெட்டுவிட்டதா என்றார். நடந்ததைக் கூறினோம். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அது சரி. கடைசில ஆறு பேர் பேரு வருதே, எம் பேரு எங்கே?" என்று கேட்டார்.

அவருடைய பெயரை எழுதவேண்டும் என்பது மூன்று வாரம் நடந்த சண்டையில் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பெயர் அட்டையைத் திருத்தி மீண்டும் அனுப்பியிருக்கிறோம். இப்பொழுது முதலில் தனியாக அவர் பெயர். அடுத்து எங்கள் ஆறு பெயர்கள். வங்கி நண்பர்தான் எழுத்துகளை அமைத்தார். எழுத்து மிகவும் பொடியாக இருக்கிறது, கண்ணாடி போட்டும் படிக்க முடியவில்லை என்று சென்ற வாரம் மறுபடியும் அழைத்தார்.